சூடு எந்தப் பக்கம் போகிறது

சென்ற சித்திரையில் ஒருநாள் பிற்பகல், கொக்குவில் புகையிரதக் கடவையில் ரயிலுக்காகக் காத்து நின்றேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது, அந்த வெயிலில் எஞ்சினை நிறுத்த மனம் வரவில்லை. ஸ்ரியறிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருந்த சிறிய கருவி, எஞ்சினுக்குள் நுழையும் காற்றின் வெப்பநிலையைக் காட்டிக்கொண்டிருந்தது. நான் வந்து நின்றபோது 44 பாகையாக இருந்த எண், நிமிடத்துக்கு இரண்டு மூன்றாக ஏறி, கடவைத் தடை உயர்ந்தபோது 68ஐத் தொட்டிருந்தது. வெளியே நிழலில் 34 பாகை அளவில்தான் இருந்திருக்கும். அங்கிருந்து நகர நெரிசலுக்குள்ளால் ஊர்ந்து, பண்ணைப் பாலத்தில் ஏறி, முன்னால் போன மணல் ரிப்பரை முந்துவதற்காக மிதித்தபோது கார் இழுக்கவில்லை. எஞ்சின் சத்தம் போட்டது, எஞ்சினுக்குள் காற்றை நெருக்கித் தள்ளும் சுப்பர்சார்ஜர் வழக்கம்போலச் சீறியது, ஆனால் அந்தச் சீறலுக்குரிய வேகம் சக்கரத்துக்கு வந்து சேரவில்லை. முந்துவதைக் கைவிட்டு, வேலணை வரை ரிப்பரின் பின்னாலேயே போனேன்.

என்னிடம் இருப்பது 2004ஆம் ஆண்டு மினி கூப்பர் எஸ். 2020 மார்ச்சில் நாட்டுக்குள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் இங்கே எல்லோரும் செய்ததையே நானும் செய்தேன்: கையில் இருந்த பழைய வாகனத்தைக் கவனமாகப் படித்து, அதைக் காப்பாற்றப் பழகினேன். சுப்பர்சார்ஜரைச் சுற்றியுள்ள சூட்டைப் பற்றி நான் கற்றவை பெரும்பாலும் அந்தக் காலத்தில் கற்றவை. சிலவற்றைப் பிழையாகச் செய்து கற்றேன்.

சைக்கிளுக்குக் காற்றடித்த எவருக்கும் அடிப்படை தெரியும். பத்துப் பன்னிரண்டு தரம் அடித்தபின் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டால் கை சுடும். காற்றை நெருக்கினால் அது சூடாகும். அதைத் தவிர்க்க முடியாது. என் காரில் இருப்பது ஈட்டன் எம்45 என்ற சுப்பர்சார்ஜர். அதன் அடிப்படை அமைப்பு, 1860இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் காப்புரிமை பெற்ற ஊதுகருவியிலிருந்து வந்தது. ஒன்றோடொன்று கோத்துச் சுழலும் இரண்டு உருளைகள் காற்றை அள்ளி அள்ளி மறுபக்கம் தள்ளுகின்றன. ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலம் என்பதே பெயரிலுள்ள எண்ணின் பொருள். இந்த வகைக்குள்ளே காற்று படிப்படியாக நெருக்கப்படுவதில்லை. உருளைகள் கொண்டுவந்து திறந்துவிடும் காற்றின்மீது, வாசலில் ஏற்கெனவே அமுக்கத்தோடு நிற்கும் காற்று திரும்பிப் பாய்ந்து மோதி நெருக்குகிறது. அந்த மோதலில் வீணாகும் வேலை எல்லாம் வெப்பமாகிறது. அதனால் மற்ற வகைகளைவிட ரூட்ஸ் வகை அதிகம் சுடும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் அளவு தெரியும். முழு மிதியில் இந்த எஞ்சினில் ஏறக்குறைய 0.8 பார் மேலதிக அமுக்கம் கிடைக்கிறது. அதாவது வளிமண்டல அமுக்கத்தின் 1.8 மடங்கு. 35 பாகையில் நுழையும் காற்றை எந்த இழப்பும் இல்லாமல் அந்த அளவுக்கு நெருக்கினாலே 56 பாகை ஏறும். ரூட்ஸ் வகையின் வினைத்திறனை 55 முதல் 60 வீதம் என்று எடுத்தால் ஏற்றம் 90 முதல் 100 பாகை ஆகிறது. ஆகவே சுப்பர்சார்ஜரின் வாசலில் வெளிவரும் காற்று 130 பாகை அளவில் இருக்கும். கொதிதண்ணீரைவிடச் சூடான இந்தக் காற்றை, எஞ்சினின் தலைக்கு மேலே படுத்திருக்கும் இன்ரகூலர், பொனற்றின் வாய் வழியாக வரும் வெளிக்காற்றால் ஆற்றி எஞ்சினுக்குள் அனுப்புகிறது.

ஆறாத காற்று இரண்டு விதமாகக் கெடுதி செய்கிறது. முதலாவது, சூடான காற்று ஐதானது: ஒவ்வொரு 3 பாகைக்கும் ஏறக்குறைய ஒரு வீதம் அடர்த்தி குறையும், அதனோடு ஒட்சிசனும் குறையும். இரண்டாவதுதான் மோசமானது. சூடான காற்றோடு கலந்த பெற்றோல் உரிய நேரத்துக்கு முன்னரே தானாகப் பற்றி எஞ்சினைத் தட்டும். அந்தத் தட்டலை உணரி கேட்டவுடன் எஞ்சினின் கணினி தீப்பொறியைப் பிற்படுத்தி எஞ்சினைக் காப்பாற்றுகிறது; காப்பாற்றியதற்கு விலையாக இழுவை போகிறது. 95 ஒக்ரேன் பெற்றோல் கிடைக்காமல் 92ஐ ஊற்றிய நாட்களில் இது இன்னும் சீக்கிரம் நிகழும். பண்ணைப் பாலத்தில் ரிப்பரின் பின்னால் எனக்கு நிகழ்ந்தது இதுவே என்று நான் நம்புகிறேன்.

இங்கேதான் என் முதற்பிழை தொடங்கியது. சுப்பர்சார்ஜர் சுடுகிறது, பொனற்றுக்குக் கீழே எல்லாம் சுடுகிறது, ஆகவே சுப்பர்சார்ஜரைச் சூட்டிலிருந்து மூடிவைக்க வேண்டும் என்று நினைத்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவரிடம் சொல்லி, வெப்பம் தாங்கும் கண்ணாடி இழைத் துணியும் பொன்னிற ரேப்பும் எடுப்பித்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் செலவிட்டு அதன் அலுமினிய உடல் முழுவதையும் இடைவெளி இல்லாமல் போர்த்தினேன். பார்க்க அழகாக இருந்தது. கடவையில் காத்து நிற்கும்போது எண் முன்னரைவிட மெதுவாக ஏறியது. எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் ஏ9இல் ஆனையிறவுப் பக்கம் நீளமாக ஓடியபோது எண் வழக்கமான இடத்தில் நிற்காமல் மேலே போனது. வெளியே கடற்காற்று வீச, எஞ்சினுக்குள் போகும் காற்று போர்த்துவதற்கு முன்பிருந்ததைவிட ஏழெட்டுப் பாகை அதிகமாகவே இருந்தது.

எங்கள் பகுதியில் நாற்பது வருடமாகக் கராஜ் வைத்திருக்கும் ஒருவரிடம் காரைக் கொண்டுபோனேன். வெப்பநிலையைக் காட்டும் என் சிறிய கருவியை அவர் பார்க்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஒரு சிரட்டையில் தண்ணீர் எடுத்துவரச் சொன்னார். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதற்குத் தண்ணீர் தெளிப்போமே, அதைப்போல விரல் நுனியால் ஒவ்வொரு இடமாகத் தெளித்தார். எக்சோஸ்ட் மூடியில் விழுந்த துளி சத்தத்தோடு உருண்டு மறைந்தது. எஞ்சின் தலையின் மூடியில் விழுந்தது ஏழெட்டு வினாடி நின்று ஆவியானது. காற்று வடிகட்டிப் பெட்டியின் பிளாஸ்ரிக்கில் விழுந்த துளி அப்படியே நின்றது. பிறகு, ஓரத்தில் ரேப்பைச் சற்று உரித்து, போர்வைக்குள் இருந்த சுப்பர்சார்ஜரின் உடலில் ஒரு துளி விட்டார். அது எஞ்சின் தலையில் விழுந்ததைவிட விரைவாகக் காய்ந்தது.

“தம்பி, காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போத்தி விட்டிருக்கிறீர்,” என்றார். “சூடு எங்கயிருந்து எங்க போகுதெண்டு பாத்திட்டெல்லோ மூட வேணும்?”

“அண்ணை, றேடியேற்றர் சூடு இதில அடிக்குதெல்லே? அதுக்குத்தான் மூடினனான்.”

“நிக்கேக்கை அது சரி. ஓடேக்கை?”

அந்தக் கேள்வியிலேயே எல்லாம் இருந்தது. கடவையில் எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டு நிற்கும்போது சுப்பர்சார்ஜர் எதையும் பெரிதாக நெருக்குவதில்லை. அதன் முன்னால் றேடியேற்றர் விசிறி தள்ளும் சுடுகாற்று. அதன் ஒரு முனையில், அதனாலேயே சுழற்றப்படும் தண்ணீர்ப் பம்பு, 90 பாகை அளவிலான தண்ணீரோடு. அந்த வேளையில் சூடு வெளியிலிருந்து சுப்பர்சார்ஜருக்குள் போகிறது. ஓட்டத்தில், மிதிக்கும்போது, உள்ளே 130 பாகைக் காற்று. வெளியே பொனற்றுக்குள்ளால் பாயும் காற்று அதைவிட மிகவும் குளிர்ந்தது. இப்போது சூடு உள்ளிருந்து வெளியே போகிறது, போகவும் வேண்டும். ஒரே பொருளுக்கு, ஐந்து நிமிட இடைவெளியில், வெப்பத்தின் திசை மாறிவிடுகிறது. போர்வைக்குத் திசை தெரியாது. இரண்டு பக்கத்தையும் ஒன்றாகவே தடுக்கும்.

பாடசாலையில் கடத்தல், மேற்காவுகை, கதிர்ப்பு என்று மூன்று வழிகளைப் படித்தோம். மூன்றையும் பிரித்துப் பார்த்தால் தீர்வும் பிரிந்து தெரிகிறது. தகரக் கூரை வீட்டில் மதியம் இருந்தவர்களுக்குக் கதிர்ப்பு என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. அறையின் காற்று அவ்வளவு சுடாவிட்டாலும் தலையும் தோளும் எரியும். அதே தகரத்துக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டுப் பனையோலைப் பாயைக் கட்டினால் எரிவு நின்றுவிடும். பாயைத் தகரத்தோடு ஒட்டிவிட்டால் அவ்வளவு பயன் இல்லை. நடுவில் காற்று நடமாட வேண்டும். காருக்குள்ளும் இதுவேதான். சூடான பொருளுக்கும் காக்க வேண்டிய பொருளுக்கும் நடுவில் ஒரு தகடு, தகட்டின் இருபுறமும் இடைவெளி, அந்த இடைவெளியில் காற்றோட்டம், சூட்டைப் பார்க்கும் பக்கம் பளபளப்பு. கதிர்ப்பு தனிவெப்பநிலையின் (−273 பாகையிலிருந்து எண்ணும் வெப்பநிலையின்) நான்காம் வலுவோடு கூடுவது என்பதால், 600 பாகையில் இருக்கும் எக்சோஸ்ட் மனிபோல்ட், அதாவது எஞ்சினின் புகையை வாங்கி வெளியே அனுப்பும் குழாய்த் தொகுதி, 300 பாகையில் இருப்பதைவிட இரண்டு மடங்கல்ல, ஐந்து மடங்குக்கும் மேலாகக் கதிர்வீசும். ஆகவே முதலில் மறைக்க வேண்டியது எக்சோஸ்ட்டைத்தான்.

அன்று அவர் சொன்ன இன்னொரு விடயம் என் மனதை விட்டு அகலவில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தின் வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடியது எங்கள் தலைமுறைக்குத் தெரியும். சூப்பிப் போத்தலால் சிறிது பெற்றோலைப் பீச்சி எஞ்சினைக் கிளப்பி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினில் அது துளியாகவே நின்று புகை கக்கும். ஆகவே அவரும் அவரைப் போன்றவர்களும் அந்தக் காலம் முழுவதும் சூட்டை எஞ்சினின் வாய்க்குக் கொண்டுவரவே பாடுபட்டார்கள். எரிபொருள் வரும் செப்புக் குழாயைச் சைலன்சர் குழாயோடு அணைத்துக் கட்டினோம், பழைய ஒஸ்ரின் ஏ40 காரின் றேடியேற்றருக்கு முன்னால் மட்டை வைத்து மறைத்தோம் என்று அவர் சொன்னார். எந்தப் பொருள் எதற்குச் சூட்டைக் கொடுக்கும், எவ்வளவு நேரத்தில் கொடுக்கும் என்பதை அவர் கையால் அறிந்தவர். சூட்டை அழைத்துவரத் தெரிந்தவருக்கு அதை வழிமறிக்கவும் தெரிந்திருந்தது. அந்தக் காலத்தின் துன்பத்தை நான் மெச்சவில்லை. ஆனால் அந்தத் துன்பத்துக்குள் எங்கள் பட்டறைகளில் சேர்ந்த அறிவு பெரியது, அது எழுதப்படாமலே போய்க்கொண்டிருக்கிறது என்பது எனக்கு உண்மையான கவலை.

போர்வையை உரித்தோம். அலுமினிய உடலை ஓயில் பிசுக்குப் போகக் கழுவித் துடைத்தோம். அழுக்குப் படலமும் ஒரு மெல்லிய போர்வையே. அதற்குப் பதிலாக, றேடியேற்றர் விசிறிக்கும் சுப்பர்சார்ஜருக்கும் நடுவில் ஒரு மெல்லிய அலுமினியத் தகட்டை, இரண்டு விரல் இடைவெளி விட்டு, மேலும் கீழும் திறந்தபடி நிறுத்தினோம். நிற்கும்போது விசிறியின் சுடுகாற்று நேரே உடலில் அடிக்காமல் கீழே திரும்பிப் போகிறது. ஓடும்போது உடல் தன் சூட்டை விடுவதற்கு மற்றப் பக்கங்கள் திறந்தே இருக்கின்றன.

இன்ரகூலரில்தான் அதிகம் வேலை இருந்தது, பலனும் அங்கேதான் அதிகம் வந்தது. அது எஞ்சின் தலைக்கு நேர் மேலே இருப்பதால், நிற்கும்போது ஆற்றும் கருவியாக இல்லாமல் சூட்டைச் சேமிக்கும் அடுப்புக்கல்லாக மாறிவிடுகிறது. அதன் அடியில், தலையின் மூடிக்கு மேலே, என்னிடம் மிஞ்சிய இழைத் துணியைத் தகட்டில் பொருத்தி விரித்தோம். இங்கே போர்வை சரியான இடத்தில் இருக்கிறது, ஏனென்றால் இந்த இடத்தில் சூடு எப்போதும் ஒரே திசையில்தான், தலையிலிருந்து இன்ரகூலருக்குத்தான், போகும். பிறகு பொனற்றின் வாயைச் சுற்றியிருந்த பஞ்சுப் பட்டியைப் பார்த்தோம். இருபது வருட வெயிலில் அது பொடிந்து, விரல் பட்டால் கறுப்பு மாவாக உதிர்ந்தது. வாய் வழியாக வரும் காற்று எளிய வழியைத்தான் தேடும். ஓரத்தில் இடைவெளி இருந்தால் இன்ரகூலரின் நெருக்கமான செதில்களுக்குள் நுழையாமல் பக்கத்தால் வழிந்துவிடும். குளிர்சாதனப் பெட்டிக் கதவு றப்பர் விற்கும் கடையில் பட்டி வாங்கி, சுற்றிவர ஒட்டி, பொனற்றை மூடி, உள்ளே டோர்ச் வெளிச்சம் ஒழுகுகிறதா என்று இரவில் பார்த்தோம். மொத்தச் செலவில் இதுவே மிகக் குறைந்தது.

இன்ரகூலரிலிருந்து எஞ்சினுக்கு இறங்கும் குழாயின் அடியில் பேக்லைற் தகட்டால் ஒரு இடைத்தட்டு வெட்டிப் போட்டோம். பழைய சுவிச்சுப் பலகைகளிலும் பிரஷர் குக்கரின் கறுப்புக் கைபிடியிலும் இருப்பது அதே பிசின்தான். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் அது பல நூறு மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். ஆனால் தட்டை ஊடுருவிப் போகும் உருக்கு ஆணிகள் பாலமாக நின்று சூட்டைக் கடத்திவிடும். அவற்றின் தலைக்குக் கீழேயும் அதே பொருளில் வாசர் போட வேண்டும். எக்சோஸ்ட் பக்கத்தில் இதை நினைத்தும் பார்க்கக் கூடாது, கருகிவிடும். சுப்பர்சார்ஜரின் உடலுக்கு அடியிலும் நான் போடவில்லை. சில மில்லிமீற்றர் தூக்கினாலும் பெல்ட் நேர்கோட்டிலிருந்து விலகும்.

இந்த இடைத்தட்டு எவ்வளவு உதவுகிறது? வேகத்தில் ஓடும்போது மிகக் குறைவு என்றே நினைக்கிறேன். 1.6 லீற்றர் எஞ்சின் 3000 சுற்றில் வினாடிக்கு ஏறக்குறைய 40 லீற்றர் காற்றை இழுக்கிறது. 5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள குழாயில் அது வினாடிக்கு 20 மீற்றர் வேகம். 40 சென்ரிமீற்றர் குழாயை ஒரு வினாடியின் ஐம்பதில் ஒரு பங்கில் கடந்துவிடும். அந்தக் கண்ணிமைப்பில் சுவரிலிருந்து எவ்வளவு சூட்டைத்தான் வாங்க முடியும்? மாறாக, எஞ்சின் சும்மா நிற்கும்போது காற்று ஊர்ந்துதான் போகிறது. பத்து மடங்கு நேரம் சுவரோடு உரசிக்கொண்டு போகும். குழாய்களுக்குச் செய்யும் காப்பு எல்லாம் நெரிசலுக்கும் கடவைக்கும் உரியவை. யாழ்ப்பாணத்தில் என் ஓட்டத்தின் பெரும்பகுதி அதுதான் என்பதால் எனக்கு அது பயனுள்ளது. வடக்கிலிருந்து கொழும்புக்கு மட்டும் ஓடும் ஒருவர் அதற்குப் பணம் செலவிட வேண்டாம்.

இவ்வளவும் செய்தபின்னும் கடவையில் எண் நான் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை. எட்டுப் பாகைதான் குறைந்தது. காரணத்தை இரண்டு வாரம் கழித்துக் கராஜ்காரர்தான் கண்டுபிடித்தார். மிதிக்காத நேரத்தில் சுப்பர்சார்ஜர் வீணாக உழைக்காமல் இருக்க, அதில் காற்று வெளிவரும் வாசலையும் உள்ளே நுழையும் வாயையும் இணைத்துக் காற்றைச் சுற்றவிடும் பைபாஸ் வால்வு ஒன்று உண்டு. எஞ்சினின் வெற்றிட உறிஞ்சல் ஒரு மெல்லிய றப்பர் ஹோஸ் வழியாக அதைத் திறந்து பிடிக்கிறது. அந்த ஹோஸ், கிளிப்புக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வெடித்திருந்தது. இருபது வருடம் சூட்டில் கிடந்த றப்பர் வேறெப்படி இருக்கும்? வால்வு திறக்காததால், நான் சும்மா நின்ற நேரமெல்லாம் சுப்பர்சார்ஜர் காற்றை நெருக்கிச் சூடாக்கிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து வரும் சூட்டைத் தடுக்க நான் தகடு வெட்டிக்கொண்டிருக்க, உள்ளே சூடு உற்பத்தியாகிக்கொண்டிருந்தது. ஒரு முழத்துக்கும் குறைவான ஹோஸ் மாற்றியதும் கடவையின் எண் 50ஐத் தாண்ட மறுத்தது. ஆகவே சுப்பர்சார்ஜர் உள்ள கார் வைத்திருப்பவர்கள் தகடும் ரேப்பும் வாங்குவதற்கு முன்னர் பைபாஸ் வால்வையும் அதன் ஹோஸையும் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எக்சோஸ்ட்டுக்கு இழை நாடா சுற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். வெப்பத்தை அது நன்றாகத் தடுக்கும். ஆனால் நாங்கள் கடல் சூழ்ந்த குடாநாட்டில் இருக்கிறோம்; நாடா ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொள்ள, உள்ளே உருக்குக் குழாய் துருப்பிடிப்பது வெளியே தெரியாது. வார்ப்பிரும்பு மனிபோல்ட்டில் சுற்றினால் சூடு உள்ளேயே தேங்கி வெடிப்பு விழவும் கூடும்; ஓயில் ஊறிய நாடா தீப்பிடிக்கும். என் காரில் மனிபோல்ட்டை விட்டுவிட்டு, அதன் பழைய தகட்டு மூடியை நேராக்கி, தளர்ந்த ஆணிகளை மாற்றி, கீழே இறங்கும் குழாயில் மட்டும் ஒரு முழ நீளத்துக்கு நாடா சுற்றியிருக்கிறேன். மாரி தொடங்குவதற்கு முன்னர் அதை அவிழ்த்துப் பார்க்க வேண்டும். துரு கண்டால் அதையும் எடுத்துவிட்டு, தகடு ஒன்றை இடைவெளியோடு பொருத்துவதாக அண்ணையிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதே நாளில் சுப்பர்சார்ஜரின் பற்சக்கர ஓயிலையும் மாற்றப்போகிறோம். தண்ணீர்ப் பம்பைச் சுழற்றும் பற்சக்கரம் அந்தச் சிறிதளவு ஓயிலை நம்பித்தான் இருக்கிறது. இவ்வளவு காலம் அந்தச் சூட்டில் இருந்த ஓயில் எந்த நிறத்தில் வெளியே வரும் என்று பார்க்க வேண்டும்.